விதையைக் கடைசியாக வாங்குங்கள்: கோலாலம்பூர் வீட்டில் முதல் காய்கறித் தோட்டம், படிப்படியாக

செந்தூலில் எங்கள் வீட்டு முன்புறத்தில் ஐந்து ஆண்டுகளாகக் காய்கறி போடுகிறேன். தெரிந்தவர்கள் கேட்டால் அவர்கள் வீட்டுக்கே போய், கூட இருந்து தொடங்கிக் கொடுப்பேன். தரை வீடு, பிளாட், கொண்டோ எல்லாம் பார்த்தாயிற்று. பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள். முதல் நாளே விதை வாங்கினார்கள், அன்று மாலையே விதைத்தார்கள், மண்ணையும் வெயிலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள்.

கங்கோங் என்னும் தண்ணீர்க்கீரையின் விதை மூன்று நாளில் முளைத்துவிடும். நாலாவது நாள் அதற்கு வெயில் வேண்டும். பத்தாவது நாள் வேருக்கு நல்ல மண் வேண்டும். அதன் பிறகு மண்ணைத் திருத்த முடியாது, இடத்தையும் சுலபமாக மாற்ற முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் விதை ஐந்தாவது படியில்தான் வருகிறது. முதல் நாளிலிருந்து விதைக்கும் நாள் வரை மூன்று வாரம், அங்கிருந்து முதல் கீரைக்கு இன்னும் நான்கு வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் எந்த மாதமும் விதைக்கலாம், குளிர்காலம் கிடையாது. ஆனால் முதல் முறைக்கு மழை குறைந்த மாதங்கள் நல்லது. கோலாலம்பூரில் ஜூன், ஜூலை மாதங்களும் ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி வரையும் ஓரளவு காய்ந்திருக்கும். ஏப்ரலிலும் நவம்பரிலும் மாலை மழை வெளுத்து வாங்கும். அந்த மாதங்களில் தொடங்குவதாக இருந்தால் கூரைக்கு அடியில் தொடங்குங்கள்.

## 1. வெயிலை எண்ணிப் பாருங்கள்

விடுமுறை நாளாக இரண்டு நாள் ஒதுக்குங்கள். காலை 9, 11, மதியம் 1, 3, மாலை 5 மணிக்குச் செடி வைக்க நினைக்கும் இடத்துக்குப் போய், தரையில் நேர் வெயில் விழுகிறதா என்று பார்த்து எழுதிவையுங்கள். வெளிச்சமாக இருப்பதும் வெயில் விழுவதும் ஒன்றல்ல. கையை நீட்டினால் தரையில் நிழல் கூர்மையாக விழ வேண்டும். அதுதான் வெயில்.

நான்கு மணி நேரம் கிடைத்தால் கீரை வகைகள் வரும். காய்க்கும் செடிகளுக்கு, அதாவது வெண்டை, கத்தரி, மிளகாய், பயத்தங்காய் ஆகியவற்றுக்கு, ஆறு மணி நேரமாவது வேண்டும். மூன்று மணி நேரம்கூட இல்லாத இடத்தில் மிளகாய் போட்டால் செடி உயரமாக வளரும், இலை விடும், காய்க்காது. உரத்தைக் கூட்டினாலும் காய்க்காது.

பால்கனிக்காரர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது, மற்ற மாதங்களில் தெற்கே. ஜூனில் சுமார் 20 டிகிரி வடக்கே, டிசம்பரில் சுமார் 26 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும். அதனால் வடக்குப் பார்த்த பால்கனியில் ஜூனில் அளந்துவிட்டு, ‘நல்ல வெயில்’ என்று ஆறு மாதப் பயிரைத் தொடங்கினால், நவம்பரில் அது முழு நிழலில் நிற்கும். தெற்குப் பார்த்த பால்கனியில் இதற்கு நேர்மாறு. இரண்டு திசைக்கும் குறுகிய காலக் கீரைகள்தான் பாதுகாப்பு.

கிழக்குப் பார்த்த இடம் கிடைத்தால் அதுவே சிறந்தது. நம் ஊரில் காலை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். மதியம் மூன்று மணிக்கு மேல் மேகம் திரண்டுவிடும். மேற்குப் பார்த்த பால்கனிக்கு வர வேண்டிய வெயிலைப் பல நாள்களில் மேகமே எடுத்துக்கொள்கிறது.

## 2. எடை, வடிகால், கொசு

செடி வளர்க்கும் பிளாஸ்டிக் பையான பாலிபேக்கில், 16க்கு 16 அங்குல அளவில், 15 லிட்டருக்கு மேல் மண் பிடிக்கும். நனைந்ததும் ஒரு பை 20 கிலோவைத் தாண்டும். பத்துப் பை என்றால் 200 கிலோ. பால்கனியில் எல்லாவற்றையும் வெளி விளிம்பில் அடுக்காமல், சுவரை ஒட்டிப் பரப்பி வையுங்கள். கம்பிக்கு வெளியே தொட்டி தொங்கவிடவே வேண்டாம். புயல் காற்றடிக்கும் ஒரு மாலை போதும், பத்தாவது மாடியிலிருந்து விழும் தொட்டி கீழே நடந்து போகிறவர் உயிரை எடுத்துவிடும்.

தண்ணீர் ஊற்றினால் எங்கே போகிறது என்று இப்போதே பாருங்கள். ஒரு வாளி தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது வடிகால் துளைக்குப் போகிறதா, கீழ்வீட்டுத் துணிமேல் சொட்டுகிறதா என்று கவனியுங்கள். கீழ்வீட்டுக்காரர் கோபத்தால் நின்றுபோன தோட்டங்களை நான் பார்த்திருக்கிறேன்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பவர்கள் வாரம் ஒரு முறை அந்தத் தட்டைக் கவிழ்த்து, தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஏழெட்டு நாள் போதும். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் என்பதால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. வீட்டில் கொசு வளரவிட்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு. என் யோசனை, தட்டே வேண்டாம். பையை இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். தண்ணீரும் வடியும், அடியில் காற்றும் ஓடும். தண்ணீர்த் தடை நாள்களுக்காக வாளியில் பிடித்து வைப்பவர்கள் இறுக்கமான மூடி போடுங்கள்.

## 3. முன்கூட்டியே வாங்க வேண்டியவை

ஆறு பைக்கு மேல் தொடங்காதீர்கள். ஆறு பையைத் தினமும் கவனிக்கப் பதினைந்து நிமிடம் போதும். இருபது பை வைத்தால் இரண்டாவது வாரமே அது வேலையாகத் தெரியும்.

பாலிபேக் ஆறு வேண்டும், இல்லையென்றால் நன்றாகக் கழுவிய பழைய சாய வாளி. வாளியின் அடியில் விரல் மொத்தத்தில் ஏழெட்டுத் துளை போடுங்கள். கீரைக்கு ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். பசாரில் மீன், காய்கறி வரும் வெள்ளைப் பாலிஸ்டைரின் பெட்டி இதற்கு அருமையாகப் பொருந்தும். துளை போட மறக்காதீர்கள்.

மேல்மண், மட்கிய எரு, ஆற்று மணல், டோலமைட் சுண்ணாம்புத் தூள் ஆகியவை நர்சரியில் கிடைக்கும். சுங்கை பூலோவில் சாலையோரமாக வரிசையாக நர்சரிகள் இருக்கின்றன. கார் இருப்பவர்கள் ஒரு தடவை போனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கி வரலாம். நாற்றுத் தட்டு ஒன்று, பூவாளி ஒன்று, தண்ணீர் தெளிக்கும் பாட்டில் ஒன்று, பழைய கத்தரிக்கோல் ஒன்று. மண் அள்ள வீட்டுப் பழைய கரண்டியே போதும்.

பூவாளியை மட்டும் பார்த்து வாங்குங்கள். அதன் வாயில் உள்ள துளைகள் ஊசித்துளை போல இருக்க வேண்டும். துளை பெரிதாக இருந்தால் விதையெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும்.

## 4. மண்ணுக்கு மூன்று வாரம்

எனக்கு இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியம். இதைச் சரியாகச் செய்தவர்களுக்கு மற்றப் படிகளில் சிறு தவறு நேர்ந்தாலும் செடி தாங்கிக்கொள்கிறது.

தரை வீட்டுக்காரர்கள் முன்புற மண்ணை அப்படியே தோண்டிப் போட ஆசைப்படுவார்கள். தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் அது பெரும்பாலும் கட்டுமான காலத்தில் கொட்டிய செம்மண். கையில் எடுத்து நனைத்து உருட்டிப் பாருங்கள். கொழுக்கட்டை மாவு போல உருண்டு பளபளத்தால் அது களி. தொட்டியில் போட்டால் மழையில் சகதி, வெயிலில் செங்கல். அதோடு நம் செம்மண் புளிப்பு மண், அதாவது அமிலத்தன்மை உள்ள மண். புளிப்பு அதிகமான மண்ணில் உரம் இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. செடி வெளிறி, குட்டையாக நின்றுவிடும்.

மேல்மண் மூன்று பங்கு, மட்கிய எரு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. இதுதான் கலவை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் கலக்கக் கூடாது.

முதல் நாள் மேல்மண்ணையும் மணலையும் கலந்து, ஒரு பைக்கு இரண்டு மேசைக்கரண்டி டோலமைட் தூவிப் புரட்டுங்கள். லேசாக நனைத்து, மழை படாத இடத்தில் இரண்டு வாரம் விடுங்கள். சுண்ணாம்பு புளிப்பை முறிக்க நேரம் வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து எருவைச் சேருங்கள். சுண்ணாம்பையும் கோழி எருவையும் ஒன்றாகக் கலந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி வரும். அது அம்மோனியா. செடிக்குச் சேர வேண்டிய தழைச்சத்து அந்த நெடியாகத்தான் காற்றில் போகிறது. அதற்காகத்தான் இந்த இடைவெளி.

கோழி எரு பச்சையாக இருக்கக் கூடாது. பச்சை எரு பையிலேயே சூடேறி, வேரைச் சுட்டுவிடும். நல்ல எருவைக் கையில் எடுத்தால் மண் வாசம் வரும், நாறாது. சந்தேகமாக இருந்தால் எரு கலந்த மண்ணுக்குள் விரலை நடுவரை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் மட்கவில்லை, இன்னும் ஒரு வாரம் விடுங்கள்.

தென்னை நார்க் கழிவு சேர்ப்பவர்கள் முதலில் அதை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். அதில் உப்பு இருக்கும்.

எரு சேர்த்து ஒரு வாரம் ஆனதும் சோதனை. பையை நிரப்பி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். அரை நிமிடத்தில் மேலே தேங்காமல் இறங்கி, அடியில் சொட்ட வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், கட்டைவிரலால் தொட்டால் உதிர வேண்டும். உதிரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் மணல்.

சமையலறைக் கழிவைப் பச்சையாகத் தொட்டியில் புதைக்காதீர்கள். இரண்டாவது நாளே எலி வந்து தோண்டும், விதையும் போகும். தனியாக மட்க வைத்து, பிறகு போடலாம்.

## 5. இப்போது விதை: எது முதலில், எது பிறகு

முதல் சுற்றுக்குக் கங்கோங்கும் கீரையும் மட்டும். பாயாம் என்று பசாரில் விற்கும் பச்சைக்கீரை, சிவப்புக்கீரை எதுவானாலும் சரி. இரண்டும் மூன்றிலிருந்து ஐந்து நாளில் முளைக்கும், 25லிருந்து 30 நாளில் அறுக்கலாம். தவறு நடந்தால் ஒரு மாதம்தான் போகும். அந்த ஒரு மாதத்தில் உங்கள் இடத்தின் வெயில், மழை, எறும்பு, நத்தை எல்லாம் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது சுற்றுக்கு வெண்டையும் பயத்தங்காயும். இரண்டையும் பையிலேயே நேராக விதைக்கலாம், ஏழு வாரத்தில் காய் வரத் தொடங்கும். மூன்றாவது சுற்றுக்குத்தான் சிலி பாடி என்னும் சின்ன மிளகாய், கத்தரி. இவற்றுக்கு நாற்று விட வேண்டும், காய்க்க மூன்று மாதம் ஆகும், பூச்சியும் அதிகம்.

தக்காளியை முதலில் போடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் பாதிப் பேர் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். நம் ஊர் இரவுச் சூடு தக்காளிப் பூவுக்கு ஆகாது, பூ காய் பிடிக்காமல் உதிரும். மண்ணில் இருக்கும் பாக்டீரியா வாடல் நோயும் பச்சைச் செடியை இரண்டு மூன்று நாளில் சாய்த்துவிடும். கேமரன் மலையில் விளைவது அங்குள்ள குளிரால். முட்டைகோஸ், கேரட்டும் அப்படித்தான். கொத்தமல்லி முளைக்கும், ஆனால் சூட்டில் இலை பெருக்காமல் சீக்கிரம் பூத்துவிடும்.

கை பழக வேண்டுமானால் சமையலறை வெந்தயம் போடுங்கள். ஓர் இரவு ஊறவைத்துக் கூரைக்கு அடியில் ஒரு பெட்டியில் தூவினால் மூன்று நாளில் பச்சை தெரியும், மூன்று வாரத்தில் வெந்தயக்கீரை. மண் கலவை ஆறிக்கொண்டிருக்கும் நாள்களில் சின்னப் பெட்டி ஒன்றில் இதைச் செய்துபார்த்தால் காத்திருப்பது கஷ்டமாக இருக்காது.

பாக்கெட்டில் தேதி பாருங்கள். வெயில் படும் கண்ணாடி ஓரத்தில் தொங்கும் பாக்கெட்டை எடுக்காதீர்கள். சூடும் ஈரப்பசையும் விதையின் உயிரைக் குறைக்கும். ரோஸ், நீல நிறம் பூசிய விதைகளில் பூஞ்சண மருந்து இருக்கும். தொட்டபின் கை கழுவுங்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். எஃப் 1 என்று போட்டிருந்தால் அது கலப்பின விதை. நன்றாகக் காய்க்கும், ஆனால் அதன் காயிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடி போலவே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மீதி விதையைக் காற்றுப் புகாத போத்தலில், ஒரு கரண்டி வறுத்து ஆறிய அரிசியோடு போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். அடுப்பு மேடையில் வைத்த விதை மறு வருஷம் முளைக்காது.

## 6. பத்து விதைச் சோதனை

விதைப்பதற்கு ஒரு வாரம் முன்பு பத்து விதையை ஈர டிஷ்யூவில் மடித்து, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். குறைந்தது ஏழு விதை முளைத்தால் தைரியமாக விதைக்கலாம். நாலைந்துதான் முளைத்தால் இரண்டு மடங்கு தூவுங்கள். அதற்கும் கீழே என்றால் வேறு பாக்கெட் வாங்குங்கள். இதைச் செய்யாதவர்கள் பத்து நாள் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, தங்கள் கையில் ராசி இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். குற்றம் விதையில் இருந்திருக்கும்.

## 7. விதைத்தல்

மண்ணை முதல் நாள் இரவே நனைத்துவிடுங்கள். காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் விதை நகர்ந்துவிடும்.

கங்கோங் விதையையும் வெண்டை விதையையும் இரவு முழுக்க ஊறவைத்துக் காலையில் விதையுங்கள். தோல் கெட்டி. ரொம்ப நேரம் ஊறவிட்டால் மூச்சு முட்டி அழுகலாம். பயத்தங்காய் விதையை ஊறவைக்கவே வேண்டாம், சுலபமாக அழுகிவிடும்.

ஆழத்துக்கு ஒரு கணக்கு உண்டு. விதை எவ்வளவு மொத்தமோ அதுபோல் இரண்டு மூன்று மடங்கு. கங்கோங்குக்கு 1 செ.மீ., வெண்டைக்கு ஒன்றரையிலிருந்து 2 செ.மீ., பயத்தங்காய்க்கு 2லிருந்து 3 செ.மீ. சுண்டுவிரல் முதல் கணு வரை குத்தினாலே பயத்தங்காய்க்குப் போதும். புதியவர்கள் விரல் முழுவதையும் உள்ளே விடுகிறார்கள். அவ்வளவு ஆழத்திலிருந்து முளை மேலே வருவதற்குள் அதன் சேமிப்பு தீர்ந்துவிடும்.

கீரை விதை கடுகைவிடச் சின்னது. அப்படியே தூவினால் ஓரிடத்தில் கொத்தாக விழும். ஒரு தேக்கரண்டி விதையை ஒரு கோப்பைக் காய்ந்த மணலில் கலந்து, கோலப்பொடி விடுவதுபோல விரலிடையில் விடுங்கள். மேலே மண் போட வேண்டாம், உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும்.

விதைத்ததும் ஈரமான நாளிதழ் ஒன்றை மேலே விரியுங்கள். எறும்பு கீரை விதையை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போகும். நாளிதழ் அதைத் தடுக்கும், ஈரத்தையும் காக்கும். மூன்றாம் நாள் காலையிலிருந்து தூக்கிப் பாருங்கள். முதல் முளை தெரிந்த அன்றே நாளிதழை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் அதிகம் விட்டால் முளை வெளிச்சம் தேடி வெள்ளை நூல்போல நீண்டுவிடும், பிறகு தலையைத் தாங்காது.

பெட்டி கூரைக்கு அடியில் இருக்கட்டும். ஒரு முறை நான் திறந்த வெளியில் விட்டுவிட்டேன். அன்று மாலை மழை. ஐந்து நாள் கழித்துப் பார்த்தால் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அளவு அடர்ந்த பச்சை, மற்ற இடமெல்லாம் வெறும் மண்.

## 8. முளைத்த பிறகு முதல் பத்து நாள்

எது உங்கள் செடி, எது களை என்று முதலில் அடையாளம் பழகுங்கள். கங்கோங்கின் முதல் இரண்டு இலைகள் ஒவ்வொன்றும் நடுவில் ஆழமாகப் பிளந்து, பாம்பின் நாக்குப் போல இருக்கும். வெண்டை தடித்த வட்ட இலையோடு, சில நேரம் விதைத்தோலைத் தொப்பியாக மாட்டிக்கொண்டே எழும்பும். அந்தத் தொப்பியைப் பிய்க்காதீர்கள், தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டால் தானே கழன்று விழும்.

இந்தப் பத்து நாளில் நாற்று சாவதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர் அதிகமாவதுதான். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் காலையிலேயே போன் செய்து, “எல்லாம் முளைச்சிருச்சும்மா, வந்து பாரு” என்றார். பெட்டி நிறைய பச்சை. நாலு நாள் கழித்துப் போனபோது பாதி படுத்துக் கிடந்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். இலை நன்றாக இருந்தது, மண் மட்டத்தில் மட்டும் தண்டு பழுப்பாகி, நனைந்த நூல்போல இற்றுப்போயிருந்தது. அன்பு மிகுதியில் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் ஊற்றியிருக்கிறார். அந்த ஈரத்தில் பூஞ்சணம் வந்துவிட்டது. வந்தபின் மருந்து இல்லை. சாய்ந்தவற்றை மண்ணோடு அள்ளி எறிந்துவிட்டு, மீதியைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, ஒரு வேளை மட்டும் தெளிக்கச் சொன்னேன். மீதி பிழைத்தது.

அடுத்து நெருக்கம் குறைத்தல். எல்லோருக்கும் மனம் வராத வேலை இது. கீரை ஒன்றுக்கொன்று மூன்று விரல் இடைவெளி, கங்கோங் நான்கு விரல். வெண்டையும் பயத்தங்காயும் ஒரு பைக்கு இரண்டு மூன்று விதை போட்டிருப்பீர்கள், வலுவான ஒன்றை மட்டும் விடுங்கள். பிடுங்காமல் கத்தரிக்கோலால் அடியில் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் கூடவே வரும். வெட்டிய கீரை நாற்றுகளைக் கழுவிப் பருப்பில் போடலாம். நெருக்கமாக விட்டவர்களுக்கு எல்லாச் செடியும் குச்சியாக நிற்கும், ஒன்றும் தேறாது.

## 9. தண்ணீர்

காலையில், வேலைக்குப் போகும் முன். மாலையில் ஊற்றினால் இலை இரவு முழுக்க நனைந்திருந்து நோய் வரும். ஊற்றும் முன் விரலை இரண்டு கணு வரை மண்ணில் விடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அன்று ஊற்ற வேண்டாம். மேல்மண் காய்ந்திருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், நம் வெயிலில் அது ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

கங்கோங் மட்டும் விதிவிலக்கு. அதற்கு எப்போதும் ஈரம் வேண்டும்.

## 10. மிளகாய், கத்தரி நாற்றை மாற்றி நடுதல்

மிளகாய் முளைக்க ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும், எட்டாம் நாள் மண்ணைக் கிளறிப் பார்க்காதீர்கள். நான்கு முதல் ஆறு உண்மையான இலை வந்ததும், அதாவது ஐந்து வாரம் போல, பைக்கு மாற்றலாம். முதலில் வரும் இரண்டு வித்திலையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மாற்றும் முன் ஒரு வாரம் வெயில் பழக்க வேண்டும். முதல் நாள் காலை ஒரு மணி நேரம், பிறகு தினமும் ஒரு மணி கூட்டுங்கள். நிழலில் வளர்ந்த நாற்றை நேரே மதிய வெயிலில் வைத்தால் இலை ஒரே நாளில் வெளிறித் தீய்ந்துவிடும்.

மாலையில் நடுங்கள். நாற்றுத் தட்டை நனைத்து, அடியிலிருந்து தள்ளி எடுங்கள். பிடிக்க வேண்டுமானால் இலையைப் பிடியுங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை போனால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் செடியே போய்விடும். தட்டில் எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம். நட்ட அன்றே குச்சி ஊன்றிவிடுங்கள். பிறகு ஊன்றினால் வேரைக் குத்தும்.

## 11. உரம்

முளைத்து இரண்டு வாரம் வரை எதுவும் வேண்டாம், எரு போதும். அதன் பிறகு பச்சை உரம் என்று நாம் சொல்லும் 15-15-15 (எண்கள் தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவு) அரைத் தேக்கரண்டி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. பையின் ஓரமாகச் சுற்றித் தூவி, மண்ணால் மூடித் தண்ணீர் ஊற்றுங்கள். தண்டை ஒட்டிப் போட்டால் அது வெந்துபோகும். பூ விட்டதும் நீல உரத்துக்கு, 12-12-17-2க்கு, மாறுங்கள். அதில் சாம்பல்சத்து அதிகம். ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் குருணையாக வரும் மட்கிய கோழி எருவை மூன்று வாரத்துக்கு ஒரு பிடி போடலாம்.

நம் மழை உரத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் கொஞ்சமாக, அடிக்கடி. இலை கரும்பச்சையாகச் செழித்து, பூ மட்டும் வரவில்லை என்றால் தழைச்சத்து கூடிவிட்டது, ஒரு மாதம் உரத்தை நிறுத்துங்கள்.

## 12. பூச்சி, நத்தை

மருந்தை விடக் கண் முக்கியம். தினமும் காலை இரண்டு இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், எல்லாப் பூச்சியும் அங்கேதான் தொடங்கும். பயத்தங்காய்க் கொடி நுனியில் அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி கறுப்பாக ஒட்டியிருக்கும். எறும்பு வரிசையாகக் கொடியில் ஏறினாலே அசுவினி இருக்கிறது என்று அர்த்தம். ஆரம்பத்தில் தண்ணீரைப் பீய்ச்சியோ விரலால் தேய்த்தோ எடுத்துவிடலாம். மிஞ்சினால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, வெயில் இறங்கியபின் இலையின் அடிப்பக்கத்தில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். வாரம் ஒரு முறை, மூன்று வாரம்.

தரை வீட்டில் ஆப்பிரிக்கப் பெரு நத்தை ஓர் இரவில் ஒரு பெட்டி நாற்றையே தின்றுவிடும். மழை விட்ட இரவு ஒன்பது பத்து மணிக்கு விளக்கோடு போய்ப் பொறுக்குங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், அதில் மனிதருக்கு வரும் ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம். நத்தை ஏறிய கீரையை ஓடும் தண்ணீரில் இலை இலையாகக் கழுவி, நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். சிலர் தொட்டியைச் சுற்றி உப்புத் தூவுகிறார்கள். மழையில் அந்த உப்பு மண்ணில் இறங்கி, நத்தைக்கு முன் செடியைக் கொன்றுவிடும்.

உயரமான மாடிகளில் தேனீ வருவது குறைவு. வெண்டைக்கும் பயத்தங்காய்க்கும் அது தேவையில்லை. மிளகாய் பூத்தால் காலையில் கிளையை விரலால் மெல்லத் தட்டுங்கள். பின்னாளில் பாகல், வெள்ளரி போட்டால், காம்பில் குட்டிக்காய் உள்ள பெண் பூவில் ஆண் பூவின் மகரந்தத்தை நீங்களே தடவ வேண்டியிருக்கும்.

## 13. அறுவடையும் அடுத்த விதைப்பும்

கங்கோங்கை வேரோடு பிடுங்காமல், அடியில் இரண்டு கணு விட்டு வெட்டுங்கள். இரண்டு மூன்று முறை துளிர்க்கும். இலை அடியில் வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தால் அது வெண்துரு நோய், அந்தத் துளிரை மட்டும் வெட்டி எறியுங்கள்.

வெண்டை பூத்த ஐந்தாம் நாளே பறிக்கும் பருவம். நுனியை ஒடித்தால் சட்டென்று முறிய வேண்டும். வளைந்தால் முற்றிவிட்டது. முற்றிய காயைச் செடியில் விட்டால், செடி விதை முற்ற வைப்பதிலேயே சத்தைச் செலவழித்துப் புதுப் பூவைக் குறைத்துக்கொள்ளும். சாப்பிட முடியாவிட்டாலும் பறித்துவிடுங்கள்.

எல்லாப் பையிலும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். இரண்டு பை இன்று, இரண்டு பத்து நாள் கழித்து, இரண்டு அதற்குப் பத்து நாள் கழித்து. அப்படிச் செய்தால் வாரா வாரம் ஒரு கட்டுக் கீரை வரும். ஒரே நாளில் விதைத்தால் ஒரு வாரம் தின்று தீராது, அடுத்த மூன்று வாரம் பசாருக்குத்தான் போக வேண்டும்.

ஒரு பை முடிந்ததும் பழைய வேரைப் பொறுக்கி எடுத்து, மண்ணைத் தார்ப்பாயில் கொட்டி இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிடுங்கள். பிறகு நாலில் ஒரு பங்கு புது எரு சேர்த்து, ஒரு வாரம் ஆறவைத்து மறுபடி நிரப்பலாம். ஒன்றைக் கவனியுங்கள். கத்தரி இருந்த மண்ணில் மிளகாய், மிளகாய் இருந்த மண்ணில் கத்தரி போடாதீர்கள். இரண்டும் ஒரே குடும்பம், ஒன்றின் வாடல் நோய் மண்ணில் தங்கியிருந்து மற்றதைப் பிடிக்கும். அந்தப் பையில் அடுத்து பயத்தங்காயோ கங்கோங்கோ போடுங்கள். எந்தப் பையில் எது இருந்தது என்பது மூன்று மாதத்தில் மறந்துவிடும், அதனால் பெயரையும் தேதியையும் அழியாத மையால் பையின் மேலேயே எழுதிவிடுங்கள்.